கயிறு இல்லாத இடம்

"எல்லாரும் சிரிக்கிறாங்களே, அந்த மாமா மட்டும் ஏம்ப்பா சிரிக்க மாட்டேங்கிறாரு?"

இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. ஊர் மன்றத்து மேடையில், பக்கவாட்டுப் படுதாவுக்குப் பின்னால், அப்பாவின் கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அப்பா தச்சர். ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் நாடகக் குழுவுக்குக் கதவு, ஜன்னல், அலமாரி எல்லாம் செய்துகொடுப்பவர். முன்னால் இருநூறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இரண்டடி தள்ளி, ஒரு முக்காலியில், ஒருவர் மடியில் நோட்டை விரித்து வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தார்.

"அவரு சிரிச்சா விரல் நகந்துடும். விரல் நகந்தா அடுத்த வரி போயிடும்" என்றார் அப்பா.

நடிப்பவர்கள் வசனம் மறந்து நின்றால் மறைவிலிருந்து எடுத்துக் கொடுப்பது அந்த மனிதரின் வேலை. பிழைப்புக்குக் கைக்கடிகாரம் பழுது பார்த்தார். இரண்டிலும் அவருக்கு ஒரே குணம்தான். நின்றுபோனது மறுபடி ஓட வேண்டும். ஓட வைத்தது யார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

அவளுக்கு ஒன்பது வயதானபோது ஒரு நாடகத்தில் சின்ன வேஷம் கிடைத்தது. ஓடிவந்து, "அம்மா, தபால்காரரு வந்திருக்காரு, கையில தந்தி இருக்கு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு மாதம் வீட்டில் ஆடுமாடுகளுக்குக்கூடச் சொல்லிக் காட்டியிருந்தாள். ஆனால் அன்றைக்கு ஓடிவந்து நின்றதும், விளக்குகளுக்கு அப்பால் இருந்த பெரிய இருட்டைப் பார்த்தாள். வாய் ஒட்டிக்கொண்டது. படுதாவிலிருந்து வரி வந்தது. இரண்டாம் தடவையும் வந்தது. அவள் காதில் எதுவும் ஏறவில்லை. உதடு கோணியது. முதல் வரிசையில் யாரோ, பிள்ளை அழப்போகிறது என்று சொல்வது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அப்போதுதான் படுதாவை விலக்கிக்கொண்டு கடிகாரக்காரர் நோட்டும் கையுமாக மேடைக்குள் வந்து தடுக்கி விழுந்தார். குப்புற விழுந்தார். மன்றம் கூரை பறக்கச் சிரித்தது. எழுந்து, முழங்காலைத் தட்டி, அசட்டுத்தனமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புகையில் அவள் காதருகே குனிந்து வரியைச் சொன்னார். சிரிப்பு அடங்கியதும் அவள் அதைக் கணீரென்று சொன்னாள். பிள்ளை மறந்து நின்றதை ஊர் மறந்துவிட்டது. பெரியவர் விழுந்ததை மறக்கவில்லை.

குழுவின் அப்போதைய தலைவர் எல்லாரையும் வைத்துக்கொண்டு அவரைத் திட்டினார். படுதாக் கயிறு காலில் மாட்டிக்கொண்டது என்று கடிகாரக்காரர் சொன்னார். அன்றுமுதல் அவர் பெயர் தடுக்கி. கடைக்கு வருகிறவர்கள்கூட, தடுக்கி கடையில் கொடுத்தேன், தடுக்கியிடம் வாங்கிவா என்றுதான் சொன்னார்கள். கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் அப்பா மேடையைப் பிரிக்கும்போது அவளும் கூடப் போயிருந்தாள். படுதாவை இழுக்கும் கயிறு மேடையின் மறுபக்கத்தில் இருந்தது. அவர் விழுந்த பக்கத்தில் கயிறே இல்லை. வழவழவென்ற பலகைதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் செய்தது வீணாகிவிடும் என்று அந்த வயதிலேயே எப்படியோ தெரிந்திருந்தது. சில விஷயங்களைக் கடவுள் பிள்ளைகளிடம்தான் முதலில் சொல்கிறார் போலிருக்கிறது.

இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. அவள் இப்போது கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறாள். கடைத்தெருவில் பாதிப் பலகைகள் அவள் கை. குழுவில் அவளைப் பெயின்டர் என்பார்கள். தடுக்கி மட்டும் இன்னும் பாப்பா என்பார். வருஷத்துக்கு இரண்டு நகைச்சுவை நாடகம். நடிப்பவர்கள் எல்லாரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். வசனத்தைப் பஸ்ஸிலும் கல்லாவிலும் மனப்பாடம் செய்பவர்கள். மறந்துபோவது அவர்களுக்கு மழை வருவதுபோல. வரும் என்று தெரியும், எப்போது என்று தெரியாது. அதனால் குழுவில் ஒரு சட்டம் இருந்தது. படுதாவிலிருந்து என்ன வருகிறதோ அதை அப்படியே சொல்லிவிட வேண்டும், யோசிக்கக் கூடாது. யோசிக்கிறவன் முகம் மூன்றாவது வரிசைவரை தெரியும் என்பார் மருந்துக்கடைக்காரர்.

மருந்துக்கடைக்காரர்தான் இப்போது தலைவர். நாடகம் எழுதுவதும் நடத்துவதும் அவரே. நல்ல மனிதர், ஆனால் எழுதியதை விட மாட்டார். மேடை ஏறும் வரைக்கும் மாற்றிக்கொண்டே இருப்பார். மாற்றங்களைத் துண்டுச்சீட்டில் பென்சிலால் கிறுக்கி நோட்டில் குத்திவைப்பார். முப்பது வருஷம் டாக்டர்களின் சீட்டைப் படித்துப் படித்து அவர் கையெழுத்தும் அப்படியே ஆகிவிட்டது என்று குழுவில் ஒரு பேச்சு உண்டு.

இந்த முறை ஒத்திகையில் இரண்டு தடவை வரி தாமதமாக வந்தது. கண்ணாடியை மாற்றச் சொல்லுங்கள் என்று யாரோ கிண்டல் செய்தார்கள். மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. தடுக்கிக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "வயசாச்சு, நான் குத்தம் சொல்லல. ஆனா இந்த நாடகத்துல ஒரு வரி தப்பினாலும் அடுத்ததுக்கு வேற ஆளு. பள்ளிக்கூட கிளார்க்கிட்ட பேசிட்டேன்."

தடுக்கி தலையை ஆட்டினார். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். பிள்ளைகள் இல்லை. வாரத்தில் மூன்று மாலை அந்த முக்காலியில் உட்காருவதற்காகத்தான் அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொள்கிறார் என்பது அவர் தெருவுக்கே தெரியும்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு. மூன்று மணிக்கு மருந்துக்கடைக்காரர் வேகமாக உள்ளே வந்தார். மதியம் சாப்பிடும்போது அவருக்கு ஒன்று தோன்றியிருந்தது. கதை இதுதான்: கஞ்சக் கணவனுக்குத் தெரியாமல் மனைவி தன் தம்பியை அலமாரிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். பழைய எழுத்தில் கணவன் பாதியிலேயே, உள்ளே இருப்பது உன் தம்பிதானே என்று கேட்டுவிடுவான். அப்படி வேண்டாம், கடைசிவரைக்கும் அவன் எலி என்றே நம்ப வேண்டும், கடைசியில்தான் கதவு திறக்க வேண்டும், சிரிப்பு அங்கேதான் இருக்கிறது என்றார். மூன்று இடத்தில் மாற்றம். மூன்று சீட்டு. எல்லாருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிட்டு, தடுக்கியின் நோட்டிலும் மூன்றைக் குத்தினார்.

தடுக்கி நோட்டைத் திறந்து பார்த்தார். சரி என்றார்.

மனைவியாக நடிக்கும் அவள் அப்போது கண்ணாடி முன்னால் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள் அவர் தெரிந்தார். எழுத்தோடு வாழ்கிறவளுக்கு எழுத்தைப் பார்க்கிற கண் தெரியும். பலகைக்கு முன்னால் நின்று படிக்கிற ஆள், படிக்கத் தெரியாமல் நிற்கிற ஆள், இரண்டு பேரும் ஒரே மாதிரி நின்றாலும் கண்ணின் ஓட்டம் வேறு. அவர் கண் ஓடவில்லை. தாளின் நடுவில் ஒரே இடத்தில் நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தால் படித்ததுபோல இருக்குமோ அவ்வளவு நேரம் நின்றது. பிறகு அவர் நோட்டை மூடினார்.

பல மாதங்களாகத் தனித்தனியாகக் கிடந்தவை ஒன்றாகச் சேர்ந்தன. அவர் கடையில் இப்போதெல்லாம் பேட்டரியும் பட்டையும் மட்டும்தான் மாற்றுகிறார். கடிகாரத்தைத் திறக்கச் சொன்னால் சாமான் கிடைக்காது என்கிறார். ஒத்திகையில் பக்கத்தின் கடைசி வரி முடியும் முன்பே தாளைத் திருப்புகிறார். நாடகம் முழுவதையும் காதால் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டு, விரலை மட்டும் வரிமேல் வைத்துக்கொண்டிருக்கிறார்.

மனப்பாடம் செய்தது பழைய நாடகம்.

மருந்துக்கடைக்காரரிடம் சொல்லலாம். சொன்னால் நாடகம் பிழைக்கும், முக்காலி போகும். சொல்லாவிட்டால், மூன்று இடத்தில் யாரும் மறக்காமல் இருக்க வேண்டும். அவள் பவுடர் டப்பாவை மூடிவிட்டுத் தன் சீட்டுகளோடு தடுக்கியிடம் போனாள்.

"மாமா, இந்த மூணு இடம் எனக்கு மனசுல நிக்கவே மாட்டேங்குது. நான் சொல்றேன், நீங்க கொஞ்சம் கேளுங்களேன்."

"சொல்லு பாப்பா" என்றார். குரலில் இருந்த அவசரம் அவருக்கே கேட்டிருக்க வேண்டும்; உடனே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

முதல் இடத்தைச் சொன்னாள். தன் வரி, கணவனின் வரி, மறுபடி தன் வரி. அவர் உதடு சத்தமில்லாமல் கூடவே அசைந்தது. ஒரே தடவைதான் கேட்டார். இரண்டாவதையும் சொன்னாள். மூன்றாவதைத் தொடங்கும்போது மருந்துக்கடைக்காரர் அவள் தோளைத் தட்டினார். சாவிக்கொத்து எங்கே, நாடகத்துக்கு வேண்டிய சாவிக்கொத்தைக் காணோம், இடுப்பில் செருகிக்கொண்டு போக வேண்டியவள் இங்கே நின்று கதை பேசுகிறாயே என்றார். தேடி எடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மூன்றாவது இடம் அவர் காதுக்குப் போகவில்லை.

அது கணவனுடைய வரி. கஞ்சக் கணவனாக நடிக்கும் வங்கிக் கேஷியர் மறக்கிற ஆள் இல்லை. பத்து இலக்க எண்களை நாக்கு நுனியில் வைத்திருப்பவர். அதை நினைத்து அவள் தைரியம் கொண்டாள். பிறகு படுதாவின் ஓட்டை வழியாக வெளியே பார்த்தபோது, முதல் வரிசை நடுவில் கேஷியரின் மேலாளர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். கேஷியரும் அதே ஓட்டை வழியாகப் பார்த்திருப்பார் போல. அவர் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. கடவுளே, இன்றைக்கு மட்டும் என்று வேண்டிக்கொண்டு அவள் மேடைக்குப் போனாள்.

முதல் பாதி நன்றாக ஓடியது. முதல் மாற்றத்தில் கேஷியர் ஒரு நொடி இழுத்தார். படுதாவிலிருந்து புது வரி சுத்தமாக வந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. இரண்டாவது தானாகவே கடந்துவிட்டது. அலமாரிக்குள் இருந்த தம்பி, அதாவது பால்காரர், தும்மலை அடக்கும் கட்டத்தில் ஒரு கிழவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். ஆனால் அவளால் அந்தச் சிரிப்பில் இளைப்பாற முடியவில்லை. ஒவ்வொரு வரியும் மூன்றாவது இடத்துக்கு ஒரு படி அருகில் கொண்டுபோனது.

அந்தக் கட்டத்தில் அவள் அலமாரிக்கு முன்னால் நிற்க வேண்டும். கேஷியர் சுற்றிச் சுற்றி வந்து, மோப்பம் பிடித்து, நின்று, விரலை நீட்டி, "இதுக்குள்ள இருக்கிறது எலிதானே?" என்று கேட்க வேண்டும். கேஷியர் சுற்றி வந்தார். மோப்பம் பிடித்தார். நின்றார். விரலை நீட்டினார்.

"இதுக்குள்ள இருக்கிறது…"

அவர் கண் முதல் வரிசைக்குப் போயிருந்தது. திரும்பி வந்தபோது அதில் ஒன்றும் இல்லை.

அவளே முந்திக்கொண்டு பேசிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் படுதாவிலிருந்து, நாற்பது வருஷமாகத் தவறாத அந்த மெல்லிய குரல், தெளிவாக, நேரம் தப்பாமல் வந்தது: உன் தம்பிதானே.

கேஷியர் சட்டத்தை மீறாதவர். யோசிக்கவில்லை.

"இதுக்குள்ள இருக்கிறது உன் தம்பிதானே?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். இன்னும் இருபது நிமிஷ நாடகம் அந்தக் கேள்வி கேட்கப்படாததை நம்பி இருந்தது. அலமாரி ஒரு தடவை ஆடியது. உள்ளே பால்காரருக்கும் விளங்கிவிட்டது. எதிர்ப்பக்கப் படுதாவுக்குள் மருந்துக்கடைக்காரர் தலையில் கை வைப்பதை அவள் பார்த்தாள். இந்தப் பக்கம், முக்காலியில், விரல் ஒரு தாளின்மேல் அழுந்தியிருந்தது. அந்த முகத்தில் இருந்ததை அவள் ஒன்பது வயதில் தன் முகத்துக்குள்ளிருந்து அறிந்திருந்தாள். வாய் ஒட்டிக்கொண்ட முகம்.

இருட்டில் யாரோ செருமினார்கள்.

அவள் இடுப்பில் கை வைத்துக் கேஷியரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பியா? அவன் உள்ள இருந்தா, இவ்வளவு நேரம் சோறு கேக்காம இருப்பானா?"

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சிரிப்பு பின் வரிசையிலிருந்து கிளம்பி முன்னால் வந்து மேடையில் மோதியது. கேஷியரின் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. அவர் மெல்லத் தலையை ஆட்டி, "அதுவும் சரிதான். எலியாத்தான் இருக்கும்" என்றார். அலமாரிக்குள்ளிருந்து பால்காரர், எழுதாத ஒரு கீச்சுச் சத்தம் போட்டார். நாடகம் தன் தடத்துக்கு வந்து சேர்ந்தது. கடைசியில் கதவு திறந்தபோது மேலாளரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் மருந்துக்கடைக்காரர் சிரிப்பில் மயங்குகிறவர் இல்லை. கூட்டம் கலைந்ததும் எல்லாரையும் மேடையில் நிற்க வைத்தார்.

"சிரிச்சாங்க, சரி. பழைய வரி எங்கிருந்து வந்துச்சு? அது எனக்குத் தெரியணும்."

கேஷியர் தரையைப் பார்த்தார். காதில் விழுந்ததைச் சொன்னேன், எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்று தெரியவில்லை என்றார். அவரும் நல்ல மனிதர்தான். மருந்துக்கடைக்காரரின் பார்வை மெதுவாக முக்காலிப் பக்கம் திரும்பியது. தடுக்கி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"தப்பு என்மேல சார்" என்றாள் அவள்.

அவள் பொய் சொல்லவில்லை. தெரிந்தும் சொல்லாதவள், மூன்றாவது இடத்தைக் காதில் போடாமல் போனவள். தப்பு அவள்மேலும் இருந்தது. வரியை முணுமுணுத்தவளும் அவளே என்று மருந்துக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். கேஷியருக்கு ஓரடி பக்கத்தில் நின்றவள் அவள்தானே. எடுத்துக்கொடுக்கிற வேலை உனக்கு யார் கொடுத்தது என்று கேட்டார். ஆறு வருஷம் நடித்தவள் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். அடுத்த நாடகத்தில் வேஷம் கிடையாது, மேடைப் பின்திரை வரைந்தால் போதும் என்றார். அவள் சரி சார் என்றாள். வேஷம் கட்டுவது அவளுக்கும் உயிர்தான்.

தடுக்கி எல்லாரும் போகும்வரை காத்திருந்தார். மன்றத்தின் பின்வாசலில், இன்னும் வெயில் இருந்தது, அவளை நிறுத்தினார்.

"எதுக்கு பாப்பா? நான் சொல்லிடறேன். உன் வேஷம் போகக் கூடாது."

"வேண்டாம் மாமா."

"கண்ணு ஒண்ணு போயே போச்சு. இன்னொண்ணுல பெருசா இருந்தாத்தான் தெரியுது. டாக்டர் இவ்வளவுதான்னுட்டாரு. இன்னைக்கு இல்லன்னா நாளைக்குத் தெரியத்தான் போகுது. நீ எதுக்கு எனக்காகப் பேச்சு வாங்கணும்?"

அவள் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். இருபத்தைந்து வருஷம் வைத்திருந்ததை வெளியே எடுப்பது கடினமாக இருந்தது.

"அன்னைக்கு அந்தப் பக்கம் கயிறே இல்ல மாமா."

அவர் தலை நிமிர்ந்தது. அவள் முகம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்காது. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழியைக் காலால் தடவித் தடவிப் போனார். அவர் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

அடுத்த நாடகத்தின் எழுத்து ஒரு மாதம் கழித்துத் தட்டச்சாகி வந்தது. தடுக்கிக்கான பிரதி மன்றத்திலேயே, முக்காலிமேல் இருக்கும். அவள் பின்திரை எழுத மதியங்களில் வந்தாள். அந்த நேரத்தில் மன்றத்தில் யாரும் இருப்பதில்லை. திரைக்கு நாலு நாள் போதும். அவள் பதினாறு நாள் வந்தாள்.

பலகை வரையும் கெட்டித் தாளை நோட்டின் அளவைப்போல இரண்டு மடங்காக வெட்டிக்கொண்டாள். நடுத்தரத் தூரிகையால், கறுப்பில், ஒரு பக்கத்துக்கு ஏழு வரி. சுழியெல்லாம் திறந்து, காலெல்லாம் விலகி, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு. முதல் பக்கம் காய்ந்ததும் முக்காலியில் உட்கார்ந்து, படுதாவின் மங்கல் வெளிச்சத்தில், ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாள். "ற"வும் "ந"வும் கலங்கின. கிழித்துப் போட்டுவிட்டு ஆறு வரியாக மறுபடி எழுதினாள். மருந்துக்கடைக்காரர் மாற்றி எழுதுவதற்காக ஒவ்வொரு பக்கத்திலும் கீழே நாலு விரல் அகலம் வெறுமையாக விட்டாள். அவர் கை பென்சிலுக்குப் போய்விடக் கூடாதே என்று, பட்டையான கறுப்புப் பேனா ஒன்றும் வாங்கிவைத்தாள்.

கடைசி நாள், நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் கோத்துத் தைத்து, அந்தப் பேனாவை நூலால் அதன் முதுகில் கட்டித் தொங்கவிட்டு, முக்காலிமேல் வைத்தாள். பெயர் எதுவும் எழுதவில்லை. தட்டச்சுப் பிரதியை அடியில் செருகினாள். முக்காலியின் ஒரு கால் ஆடியது. கிழித்த முதல் பக்கத்தை மடித்து அதற்கு அண்டை கொடுத்தாள்.

பிறகு கையில் இருந்த மையை மண்ணெண்ணெயால் துடைத்துக்கொண்டு, பின்வாசலைப் பூட்டி, சாவியை வழக்கமான ஆணியில் மாட்டிவிட்டு, கடைத்தெருவில் பாதி எழுதி நின்றிருந்த செருப்புக்கடைப் பலகையை முடிக்கப் போனாள்.